வேப்பிலை கட்டிய வீடு

வெள்ளவத்தையில் அந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்த முதல் கிழமையே எனக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்து வந்து, பொழுது கறுக்கிற நேரம், முற்றத்துத் தொட்டியில் நின்ற துளசியில் நாலு இலை கிள்ளப் போனேன். யன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

“பிள்ளை, கொஞ்சம் பொறும். அது படுத்திட்டுது.”

யார் படுத்தது என்று திரும்பிப் பார்த்தேன்.

“துளசியைத்தான் சொல்லுறன். பொழுதுபட்டா அதில கை வைக்கிறேல்லை. காலமை குளிச்சிட்டு வந்து ஆயும். இப்ப உமக்கு நான் மல்லித்தண்ணி அவிச்சுத் தாறன்.”

வீட்டுக்காரியை நான் அறிந்துகொண்டது அப்படித்தான். ஒழுங்கையில் எல்லோரும் அவரை அன்ரி என்றார்கள். சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒருவரையும் நான் அங்கே கண்டதில்லை. ரெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒப்பரேற்றராக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் காலமாகிப் பல வருஷம். பிள்ளைகள் இல்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அவருக்கு ஒரே குரலில் வரும். உரத்தும் பேசமாட்டார், முணுமுணுக்கவும் மாட்டார். யார் என்ன அவசரத்தில் வந்து நின்றாலும் முதலில் “ஒரு நிமிஷம் பொறுங்கோ” என்றுதான் தொடங்குவார்.

காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற ஒழுங்கை அது. இரண்டு பக்கமும் மாடிக் கட்டடங்கள் எழும்பிவிட, நடுவில் அந்தப் பழைய ஓட்டு வீடு மட்டும் முற்றத்தோடு மிஞ்சியிருந்தது. உப்புக் காற்றுக்கு முன்பக்கத்துச் செடிகளின் இலை நுனிகள் எப்போதும் கருகியே இருக்கும். ஆனாலும் அந்த முற்றத்தில் இல்லாத மரம் செடி இல்லை. அறுகு, வில்வம், செவ்வரத்தை, மருதோன்றி, மாதுளை, ஒரு கட்டைத் தென்னை. வாசற்கதவுக்குப் பக்கத்தில், ஒழுங்கை முழுவதற்கும் நிழல் கொடுத்தபடி ஒரு வேம்பு.

செடி வளர்க்கிறவர்கள் கொழும்பில் எத்தனையோ பேர். அன்ரியிடம் இருந்த புதுமை என்னவென்றால், எந்தச் செடியை எந்தச் சமயத்தவர் பெரிதாக நினைக்கிறார்களோ, அவர்களுடைய சட்டப்படிதான் அதைத் தொடுவார். அந்தச் சமயத்தவரே மறந்துபோன சட்டமாக இருந்தாலும் அவர் விடமாட்டார். திங்கட்கிழமையில் வில்வம் கிள்ளக் கூடாது, சிவனுக்கு வேண்டியதை முதல்நாளே எடுத்து வைக்கவேண்டும். துளசி பிள்ளையாருக்கு ஆகாது, அவருக்கு அறுகு. இதெல்லாம் எங்கள் வீடுகளிலும் சொல்லுகிறவைதான். மதிலுக்கு மற்றப் பக்கத்தில்தான் வேடிக்கை.

அந்த மதிலுக்கு அப்பால் ஒரு முஸ்லிம் வீடு, ஸரீனா ராத்தாவுடையது. கணவருக்குப் புறக்கோட்டையில் துணிக்கடை. பெருநாளுக்கு முதல்நாள் மருதோன்றி கேட்டு வருவார். அன்ரி சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டுதான் அந்த இலையைப் பறிப்பார்.

“அன்ரி, மருதோன்டிக்கு அப்பிடி ஒண்டும் இல்ல” என்று ராத்தா மதிலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். “நாங்களே சும்மாதான் பறிக்கிற.”

“நீங்கள் வீட்டுக்காரர், சும்மா பறிக்கலாம். நான் வெளியாள்.”

மாதுளம்பழத்தில் ஒரு முத்து சொர்க்கத்து முத்து, எது அது என்று யாருக்கும் தெரியாது, ஆனபடியால் ஒன்றும் கீழே விழாமல் சாப்பிடவேண்டும் என்று தன் உம்மா சொல்லுவார் என ராத்தா ஒருநாள் கதையோடு கதையாகச் சொல்லிவிட்டார். அதன் பிறகு மாதுளை உடைத்தால் அன்ரி வீட்டில் கதிரைகள் இடம் மாறும். கைதவறிய முத்துகளை மேசைக்குக் கீழே கைவிளக்குப் பிடித்துத் தேடுவார். ராத்தாவின் பிள்ளைகளோ மாதுளையைக் கடித்துத் துப்பிக்கொண்டு ஒழுங்கையில் சைக்கிள் ஓடித் திரிந்தார்கள்.

கொட்டாஞ்சேனையில் மேரி ரீச்சர் என்று அவருக்கு ஒரு சிநேகிதி. ஒவ்வொரு வருஷமும் குருத்தோலை ஞாயிறுக்கு அன்ரியின் தென்னையில் குருத்து வெட்டிக்கொண்டு போவார். கோயிலில் மந்திரித்த ஓலையில் ஒரு சிறிய சிலுவை பின்னிக் கொண்டுவந்து கொடுப்பார். அன்ரி அதைச் சுவாமிப் படத்தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவார். அடுத்த வருஷம் தவக்காலம் தொடங்குமுன் அந்தக் காய்ந்த ஓலையைத் திரும்பக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோக வேண்டும். அதை எரித்த சாம்பலைத்தான் சுவாமியார் நெற்றியில் பூசுவார். அந்த நாளுக்கு அவர்கள் விபூதிப் புதன் என்று பெயர் வைத்திருந்ததில் அன்ரிக்கு இருந்த சந்தோஷம் சொல்லி மாளாது. “பாரும், அவையும் விபூதி பூசுறவை” என்று என்னிடமே பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஒருமுறை நானும் கூடப் போனேன். வழியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். யுத்தம் நடந்த காலம், அடையாள அட்டையும் பையும் காட்டாமல் கொழும்பில் எங்கேயும் போய்ச் சேர முடியாது. ஆமிக்காரன் அன்ரியின் பையைத் திறந்தான். உள்ளே பழைய கடதாசியில் சுற்றிய காய்ந்த ஓலை. இது என்ன என்று கேட்டான். எரிக்கக் கொண்டுபோகிறேன் என்றார் அன்ரி, தன் எக்ஸ்சேஞ்ச் சிங்களத்தில்.

“எரிக்கிறதென்றால் வீட்டிலேயே எரிக்கலாமே?”

“நான் எரித்தால் குப்பை மகன். கோயிலில் எரித்தால்தான் சாம்பல்.”

அவன் குலைந்த கடதாசியைத் தானே திரும்பச் சுற்றிப் பைக்குள் வைத்தான். மேரி ரீச்சர் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். “எங்கட வீட்டு ஓலை எங்க போச்சுதெண்டே எனக்குத் தெரியாது. இவ சைவக்காரி, செக்பொயின்ற் தாண்டிக் கொண்டந்து தாறா.”

பக்கத்து மாடிக் கட்டடத்தின் தண்ணீர்க் குழாய் இடுக்கில் ஓர் அரசங்கன்று முளைத்தபோதும் அப்படித்தான். அமிலம் ஊற்றிக் கருக்கிவிடலாம் என்றார் கட்டடத்துக்காரர். பிள்ளையார் இருக்கிற மரம், புத்தர் இருந்த மரம், இரண்டு பேருக்கும் ஆர் பதில் சொல்லுறது என்று கேட்டார் அன்ரி. அடுத்த ஒழுங்கைக்கு அப்பாலிருந்த பௌத்த பன்சலைக்குப் போன் எடுத்தார். ஓர் இளம் பிக்கு சட்டியும் கத்தியுமாக வந்து, வேர் அறாமல் கன்றைக் கிண்டி எடுத்துக்கொண்டு போனார். சுவரும் தப்பியது. அமிலப் போத்தலைக் கட்டடத்துக்காரர் கழிவறைக்குப் பாவித்தார்.

எல்லாவற்றிலும் கண்டிப்பு வேம்புக்குத்தான். மற்றச் செடிகளோடு அன்ரி கதைப்பார், ஏசவும் ஏசுவார். வேம்புக்கு முன்னால் மட்டும் அடக்கம். அது அம்மாளுடையது. அம்மை நோயான கொப்புளிப்பான் போட்டால் நாங்கள் அம்மாள் வருத்தம் என்போம். சிங்களவர் தெய்யங்கே லெட, தெய்வத்தின் வருத்தம் என்பார்கள். இரண்டு வீடுகளிலும் வாசலில் வேப்பங்கொப்புத்தான் கட்டுவது. கட்டிய வீட்டுக்குள் வெளியாள் வரமாட்டார். ஒழுங்கையில் யாருக்கு வந்தாலும் அன்ரியின் படலைக்குத்தான் வருவார்கள். ஸரீனா ராத்தாவும் வந்தார். “எங்களுக்கு இது மருந்து மட்டும்தான்” என்று சொல்லிக்கொண்டே, அன்ரி கொடுத்த கொப்பை இரண்டு கையாலும் வாங்கிப் போனார்.

இனி, அந்த ஞாயிற்றுக்கிழமை.

என் சித்தியின் மகள் சுகந்தி வவுனியாவிலிருந்து வெள்ளி இரவு வந்து சேர்ந்திருந்தாள். லண்டனில் கலியாணம் பேசி முடிந்து, அடுத்துவரும் வெள்ளிக்கிழமை விசாவுக்கு நேர்முகம். வெளியூரிலிருந்து வந்து தங்குகிற தமிழர் பொலிசில் பதியவேண்டும். சனிக்கிழமை போனோம், பொறுப்பானவர் இல்லை, திங்கள் வா என்றார்கள். அதற்கிடையில் நகரத்தில் எங்கோ குண்டு வெடித்தது. ஞாயிறு விடிந்ததும் எங்கள் பக்கம் சுற்றிவளைப்பு.

“ரோட்டு முனையில இருந்து ஒவ்வொரு வூடா வாராங்க” என்று ராத்தா மதிலுக்கு மேலால் சொன்னார். “பதியாத ஆக்கள ட்ரக்கில ஏத்துறாங்க.”

சுகந்தி சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். ட்ரக்கில் ஏற்றினால் எப்போது விடுவார்கள், எங்கே விடுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாத காலம். அன்ரி அடுப்பை நிறுத்திவிட்டுக் குசினியிலிருந்து வந்தார். எனக்கு வாசல் வேம்பைத் தவிர வேறொன்றும் கண்ணில் படவில்லை.

“அன்ரி, வேப்பிலை கட்டுவம். உள்ளுக்கு வரமாட்டினம்.”

அவர் முகம் மாறியது. “அது அம்மாளின்ர சாமான். ஆளை ஏமாத்துறதுக்கு இல்லை.”

“வேற என்ன வழி அன்ரி? சொல்லுங்கோ.”

அவர் சுகந்தியைப் பார்த்தார். சுகந்தி அழவில்லை. அடையாள அட்டையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பக்கத்து மாடியின் கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. அன்ரி வெளியே போனார். மரத்தில் ஒரு கணம் கை வைத்து நின்றார். பிறகு ஒரு கொப்பை முறித்து நிலைப்படிக்கு மேலே கட்டினார்.

“கட்டினாக் கட்டினதுதான்” என்றார் எங்களிடம். “அம்மாளைக் கூப்பிட்டாச்சு. இனி நான் சொல்லுறபடிதான் எல்லாம் நடக்கவேணும்.”

சுகந்தியைப் பாயில் படுக்க வைத்தோம். கொஞ்ச நேரத்தில் ஒரு சார்ஜன்ட் இரண்டு கொன்ஸ்டபிள்களோடு படலை திறந்து வந்தார். நடுவயது, கனத்த உடம்பு. படியில் கால் வைத்தவர் நிமிர்ந்து கொப்பைக் கண்டார்.

“தெய்யங்கே லெடத?”

“ஓவ் மாத்தயா” என்று ஆமோதித்தார் அன்ரி.

“யாருக்கு?”

“இந்தப் பிள்ளையின் தங்கச்சிக்கு.”

உள்ளே எட்டிப் பார்க்க முடிகிற தூரம்தான். அவர் பார்க்கவில்லை. படியில் உதிர்ந்து கிடந்த ஓர் இலையில் தன் சப்பாத்து முட்டுவதைக் கண்டு காலைப் பின்னுக்கு எடுத்தார். அடுத்த வீடு என்று கொன்ஸ்டபிள்களுக்குக் கை காட்டிவிட்டுப் போய்விட்டார்.

ட்ரக் ஒழுங்கையை விட்டுப் போனபிறகு நான் கொப்பை அவிழ்க்கப் போனேன். அன்ரி என் கையைப் பிடித்தார்.

“என்ன செய்யிறீர்? தண்ணி வாக்காமல் அவிழ்க்கக் கூடாது.”

“வருத்தமே இல்லையே அன்ரி.”

“கட்டினதெல்லோ?”

அன்று தொடங்கியது சுகந்தியின் விரதம். வெள்ளைத் துணி விரித்து வேப்பிலை தூவிய படுக்கை. சீப்பால் தலை இழுக்கக் கூடாது. மீன் முட்டை இல்லை. பொரியல் தாளிதம் இல்லை. பாற்கஞ்சி, இளநீர், உப்பில்லாத பச்சையரிசிச் சோறு. யார் வந்தாலும் படலையோடு அனுப்புவது. வருத்தம் என்று கேள்விப்பட்டு ஒழுங்கை முழுக்க இளநீர் வந்து குவிந்தது.

“அன்ரி, எனக்குச் சின்னனிலயே வந்து மாறினது” என்றாள் சுகந்தி.

“அதை அம்மாளுக்குச் சொல்லும். எனக்குச் சொல்லி என்ன?”

சிரிப்பாகத்தான் இருந்தது, திங்கட்கிழமை வரும்வரை. பதியப் போகவேண்டிய பிள்ளை படுக்கையில் கிடந்தாள். பதியாமல் வெள்ளிக்கிழமை வெளியே இறங்கினால் முதல் செக்பொயின்றிலேயே மறிப்பார்கள். செவ்வாய் மாலை எனக்குப் பொறுமை போய்விட்டது.

“நீங்கள் ட்ரக்கில இருந்து காப்பாத்தினது சரி. இப்ப இந்தச் சட்டத்தால அவளின்ர கலியாணம் குழம்பப்போகுது.”

அன்ரி எழும்பினார். கை கால் கழுவிக்கொண்டு வேம்படிக்குப் போனார். நான் வாசலில் நின்று கேட்டேன். எக்ஸ்சேஞ்சில் ஒரு மேலதிகாரியோடு கதைப்பதைப்போல, மரியாதையாகவும் விஷயத்தோடும் கதைத்தார்.

“இந்தப் பிள்ளை வெள்ளிக்கிழமை ஒரு இடத்துக்குப் போகவேண்டிக் கிடக்கு. அவவை விட்டுவிடுங்கோ. மிச்ச நாளை நான் இருந்து முடிக்கிறன்.”

புதன் காலை மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைச் சுகந்தியின் தலையில் வார்த்தார். பிறகு தலைமுடியை அவிழ்த்துவிட்டுத் தானே அந்தப் படுக்கையில் போய்ப் படுத்துக்கொண்டார். கஞ்சி காய்ச்சுவது என் வேலையாயிற்று. வருத்தக்காரர் வெகு சந்தோஷமாக இருந்தார். இவ்வளவு நாள் ஆறுதலாகப் படுத்ததே இல்லையென்று சொன்னார்.

அன்று பின்னேரம் படலை திறந்தது. அந்த சார்ஜன்ட். சாதாரண உடுப்பில், தனியாக வந்திருந்தார். நான் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். கையில் இருந்த துணி கீழே விழுந்தது. சுகந்தி அறைக்குள் ஓடிவிட்டாள். அவர் படிக்குக் கீழேயே நின்றார்.

“நோனா இருக்கிறாவா?” என்று சிங்களத்தில் கேட்டார். “என் சின்ன மகளுக்கு அந்த வருத்தம். குவாட்டர்ஸ் பக்கம் ஒரு கொஹொம்ப மரமும் இல்லை. ஒரு வேப்பங்கொப்பு வேண்டும்.”

திறந்த கதவு வழியாக அன்ரிக்கு எல்லாம் கேட்டிருக்கும். பாயிலிருந்து எழும்பிக் கதவடிக்கு வந்தார். அவர் முகத்தைப் பார்த்ததும் என்ன சொல்லப்போகிறார் என்று எனக்கு விளங்கிவிட்டது. கண்ணைக் காட்டினேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை.

“மாத்தயா, ஒரு நிமிஷம் பொறுங்கோ. நோயாளிப் பிள்ளைக்குக் கொண்டுபோகிறீர்கள், நான் மறைக்கக் கூடாது. அன்றைக்கு இந்த வீட்டில் ஒருவருக்கும் வருத்தம் இல்லை. பதியாத பிள்ளை ஒன்று இருந்தது. பயத்தில் கட்டினோம்.”

ஒழுங்கையில் ஐஸ்கிறீம்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். சார்ஜன்ட் நிலைப்படிக்கு மேலே இருந்த கொப்பைப் பார்த்தார்.

“தெரியும்” என்றார். “உள்ளே வெங்காயம் வதக்கின மணம் வந்தது. தெய்வ வருத்தம் இருக்கிற வீட்டில் யார் வெங்காயம் வதக்குவார்கள்?”

அன்ரி வாயைத் திறந்தபடி நின்றார்.

“அப்ப ஏன் திரும்பிப் போனீர்கள்?”

“வருத்தம் பொய்யாயிருக்கலாம் நோனா. கொப்பு பொய் இல்லையே. அதைத் தாண்டி எப்படி வருவது?” பிறகு அன்ரியின் விரித்த தலைமுடியையும் பாயையும் கண்டு, “இப்போது யாருக்கு?” என்று கேட்டார்.

அன்ரி விஷயத்தைச் சொன்னார். சார்ஜன்டுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். ஆனால் சிரிக்கவில்லை. தலையை மட்டும் மெதுவாக ஆட்டினார்.

விரதத்தில் இருக்கிறவர் மரத்தில் கை வைக்கக் கூடாது என்பதால், கிழக்குப் பக்கத்துக் குருத்துக் கொப்பாகப் பார்த்து என்னை முறிக்கச் சொன்னார் அன்ரி. சார்ஜன்ட் அதைக் கைக்குட்டை விரித்து வாங்கினார். எத்தனையாம் நாள் தண்ணீர் வார்ப்பது, புண் ஆற என்ன பூசுவது என்று இருவரும் கொஞ்ச நேரம் கதைத்தார்கள். இரண்டு வீட்டு முறையும் அநேகமாக ஒன்றாகவே இருந்தது. போகும்போது படலையில் நின்று சொன்னார்.

“அந்தப் பிள்ளையை நாளைக்குக் காலை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லுங்கள். நான் நிற்பேன்.”

நின்றார். வியாழன் காலையே சுகந்தி பதிந்துவிட்டாள். வெள்ளிக்கிழமை நேர்முகத்துக்குப் போனாள், விசா கிடைத்தது, இப்போது லண்டனில் பேரப்பிள்ளை பார்க்கிறாள். சார்ஜன்டின் மகளுக்கும் முகத்தில் ஒரு தழும்பும் இல்லாமல் ஆறியதாகப் பிறகு ஒருநாள் காலி வீதியில் கண்டபோது அவரே சொன்னார்.

ஆனால் அந்தப் புதன் பின்னேரம், அவர் தலை மறைந்ததும், நான் படியிலேயே குந்திவிட்டேன். அன்ரி கதவடியில் நின்று வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

“பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வெங்காயம் வதக்கினது ஆர்?”

“நீங்கள்தான் அன்ரி.”

“நான்தானோ?”

“கட்டுறதுக்கு முதல் வதக்கினதுதானே. கட்டின பிறகு ஒண்டும் செய்யேல்லை.”

“மணம் கட்டின பிறகும் நிண்டிருக்கு. வாசலில நிண்ட மனிசனுக்கே மணந்ததெண்டா, உள்ளுக்கு வந்த அம்மாளுக்கு மணக்காமலே விட்டிருக்கும்?”

அவர் போய்ப் பாயில் படுத்தார். வெள்ளைத் துணியைக் கழுத்துவரைக்கும் இழுத்துவிட்டார்.

“இவ்வளவு நாளும் கணக்கில இல்லை” என்றார், நிம்மதியாக. “இண்டையில இருந்து திரும்பத் தொடங்குவம். கஞ்சிக்கு அரிசி போடும் பிள்ளை.”